வேணி போட்ட படம்

அந்தக் கண்ணாடிப் பலகையில என்ன அம்மணி பண்றே, படமா போடறே? போடு போடு, நானொன்னும் தொந்தரவு பண்ண மாட்டேன். நீ ஜன்னலோரம் உக்காந்திருக்கே, வெளிய பார்க்கறப்ப கண்ணு அதுல பட்டுருச்சு, அவ்வளவுதான். பெங்களூர் போற வரைக்கும் வாயைத் தொறக்காம வேணும்னாலும் வருவேன். நானெல்லாம் எச்சாப் பேசற ஆளில்லை. ஆனா அந்தப் பேனாவைப் பார்த்ததும் சொல்லாம இருக்க முடீலை. இதே மாதிரி ஒரு பேனாதான் எங்க நாலு பேரையும் பிரிச்சு வெச்சது. பேனாங்கறதா, பிளாஸ்டிக் குச்சிங்கறதா, என்னமோ ஒன்னு.

நானு ஈரோடு. சாந்தாமணின்னு எங்க காலனியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்ற ஊட்டுக்காரருக்கு மஞ்சள் மண்டி. பசங்க ரெண்டும் வெளிநாட்டுல. ஊடு பெருசு, மாடியில ஒரு ரூம்பு சும்மா கெடந்துச்சு. அப்பத்தான் எங்க தெரு எஸ்தர் சிஸ்டர் ஒரு நாள் வந்து, "சாந்தாமணி, ரிட்டையர் ஆனதுல இருந்து பொழுதே போகலை, தேங்காச் செரட்டையில பெயிண்ட் பண்றது எப்படின்னு போன்ல ஒரு வீடியோ பார்த்தேன், நாலு பேரு சேர்ந்து பண்ணலாமா"ன்னாங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. பேச்சு ஊசி போட்ட மாதிரித்தான் இருக்கும், மனசுல ஒன்னுமில்லை. யோசனை அவிங்களுதுதான், அதை நான் இல்லைங்கலை. ஆனா ரூம்பு என்றது, ஏசி என்றது, பஜ்ஜி என்றது. அதனால தலைவி யாருன்னு தனியாப் பேசவே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

நாலு பேருன்னா, நானு, சிஸ்டரு, எதிர் ஊட்டு நூர்ஜஹான், கடைசி ஊட்டு கிருஷ்ணவேணி. வேணிம்போம். என்னைவிடச் சின்னவ. ஊட்டுக்காரரு காலமாகிட்டாரு, ஒரே பொண்ணு பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. பரம சாது அம்மணி. நான் என்ன சொன்னாலும் "சரிக்கா" தான். அந்த மாதிரி ஆளு ஒரு குழுவுக்கு அவசியம் வேணும்.

'சாந்தா கலைக்கூடம்'னு பேரு வெச்சேன். பேரை மத்தவங்கதான் வெக்கணும்னு காத்திருந்தேன், யாரும் வெக்கலை, சரின்னு நானே வெச்சுட்டேன். வாராவாரம் புதங்கிழமை மத்தியானம். நாங்க பண்ணாத வேலையில்லை. செரட்டையில ஆரம்பிச்சு, பானை மேல கேரளாச் சுவரோவியம், துணியில வெண்டைக்காயை வெட்டி அச்சு, பழைய சிடியில வட்டவட்டமா மண்டலா. ரெசின்னு ஒன்னு இருக்கு பாரு, ரெண்டு பாட்டிலைக் கலந்து ஊத்துனா கண்ணாடி மாதிரி இறுகும், அதுல கடல் அலை வர்ற மாதிரி கடிகாரம் பண்ணுனோம். நூர்ஜஹான் ஊத்துனது தரையில ஓடி இறுகிப்போச்சு. இன்னிக்கும் என்ற மாடியில டைல்ஸு மேல கடல் இருக்குது. நான் ஒரு வார்த்தை திட்டலை. வர்றவங்க போறவங்க கிட்டெல்லாம் "இது நூர்ஜஹான் பண்ணுனது"ன்னு காட்டுவேன். ஊக்கப்படுத்தறது முக்கியமில்லையா.

நான் தஞ்சாவூர் ஓவியம் பண்ணுனேன். கும்பகோணத்துல இருந்து பெட்டியில வரும். பலகையில கிருஷ்ணரை அவிங்களே வரைஞ்சு, முகம் கண்ணெல்லாம் எழுதி, மேடு தூக்கற மாவு வேலையும் முடிச்சுத் தந்துருவாங்க. கல்லு ஒட்டறதும் தங்கத் தாளு ஒட்டறதும் நம்ம வேலை. அந்த வேலைதான் வேலையே. கல்லு இல்லாம தஞ்சாவூர் ஓவியத்துல என்ன இருக்குது சொல்லு. கீழ என்ற பேரை எழுதி நடு ஹால்ல மாட்டியிருக்கறேன். ஒரு நாள் சிஸ்டரு கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுட்டு உத்துப் பார்த்துட்டு, "பேரு நல்லா எழுதியிருக்கே"ன்னாங்க. அதை மட்டும் ஏன் சொன்னாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

இந்த வேணிக்கு மட்டும் எதுவும் வராது. கோடு போட்டா கோணும். கை சித்த நடுங்கும். ஒரு மண்டலா போட்டா பாரு, வட்டமெல்லாம் பல்லி ஓடுன மாதிரி. நான் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இப்படிப் போடக் கூடாது"ன்னு சொல்லித் தருவேன். அவளும் சிரிச்சுக்குவா. அவளை வெச்சு மத்தவங்க கத்துக்கறாங்கன்னா அவளுக்கும் ஒரு சந்தோசம்தானே.

அந்த நேரத்துலதான் அவ பொண்ணு தீவாளிக்கு இந்தப் பலகையை வாங்கிக் குடுத்துட்டுப் போனா. உன்கிட்ட இருக்கற மாதிரியேதான். புதங்கிழமை கொண்டு வந்து மேசை மேல வெச்சா. "அக்கா, இதுல நடுங்கற கோட்டை அதுவே நேராக்கிக்குதாமா. என்ற பொண்ணு வெச்சுக் குடுத்தா"ன்னா. நாங்க பஜ்ஜி தின்னு முடிக்கறதுக்குள்ள, நூர்ஜஹான் ஊசியில நூல் கோக்கற மாதிரி வேணி ஒரு படம் போட்டுட்டா. நாக்கை ஓரமாக் கடிச்சுட்டு, ஒரு கண்ணை மூடிட்டு. நூர்ஜஹான் அதைப் பார்த்துட்டு, "யக்கா, நானு இப்படித்தான் நாக்கைக் கடிக்கறனா"ன்னு சிரிக்கறா. சிஸ்டரு வாங்கி வாங்கிப் பார்க்கறாங்க. நான் எடுத்து வெச்ச களிமண்ணு பாட்டுக்குக் காய்ஞ்சுட்டு கெடக்குது.

நான் நியாயமாத்தான் கேட்டேன். "வேணி, இதுல நீ போட்டது எவ்வளவு, மிசினு போட்டது எவ்வளவு?" அவ யோசிச்சுட்டு, "தெரீலைக்கா"ன்னா. அப்ப நீயே ஒத்துக்கறே பாருன்னேன். கையில சாயம் ஒட்டாம, துணியில கறை படியாம, தப்பாப் போனா ரப்பர் கூட இல்லாம தொட்டு அழிச்சுக்கறது ஒரு கலையா? அடுத்தவன் செஞ்சு வெச்சதுல நாம பேரு போட்டுக்கற மாதிரி ஆகாதா? இதை நான் பொறாமையில சொன்னேன்னு நினைச்சுக்காதே. கலை மேல இருக்கற மரியாதையில சொன்னேன். இந்த ரூம்புல கைவேலை மட்டுந்தான்னு அன்னிக்கே சட்டம் போட்டேன். வேணி, "சரிக்கா"ன்னா. பலகையை உறையில போட்டு எடுத்துட்டுப் போனா. அதுக்கப்புறம் வரலை.

எங்களுக்கு வாட்சாப்புல ஒரு குழு இருந்துச்சு. இந்த விசயமா அதுல யாரும் கன்னாபின்னான்னு பேசக் கூடாதுன்னு, நான் மட்டும் எழுதற மாதிரி மாத்தி வெச்சேன். யாரும் கன்னாபின்னான்னு பேசலை. யாரும் எதுவுமே பேசலை. காலையில காலையில நான் ஒரு பூப்படம் போடுவேன், மூணு பேரும் பார்த்தாங்கன்னு நீலத்துல காட்டும். அமைதியா, ஒழுங்கா இருந்துச்சு.

அடுத்த புதங்கிழமை சிஸ்டருக்கு முழங்கால் வலி. அதுக்கடுத்த தடவை நூர்ஜஹான் ஊட்டுக்கு ஒரம்பரை சனம் வந்திருக்காங்கன்னு சொன்னா. அப்பறம் மறுபடியும் ஒரம்பரை. அத்தனை ஒரம்பரைக்கு ஆக்கிப் போட அவ ஒருத்தியால முடியுமான்னு, நான் ஒரு தூக்குல பணியாரம் எடுத்துட்டுப் போனேன். அவ மருமக கதவைத் தொறந்து, "அத்தை வேணிம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்களே, புதங்கிழமையாச்சே"ன்னா. புதங்கிழமையாச்சேன்னு அந்தச் சின்னப் பொண்ணு எனக்குச் சொல்றா அம்மணி. புதங்கிழமையை ஆரம்பிச்சவளே நான்.

நேரா வேணி ஊட்டுக்குப் போனேன். வாசல் கேட்டுக்கிட்டயே சிரிப்புச் சத்தம். எங்க ரூம்புல யாரும் அப்படிச் சிரிச்சதில்லை, நான் ஒழுங்கா வெச்சிருந்தேன். உள்ள போனா சமையல்கட்டு மேசையைச் சுத்தி மூணு பேரும். வேணி பலகையில படம் போடறா. அதை ஜெராக்ஸ் கடையில தாள்ல எடுத்துட்டு வந்து, நூர்ஜஹான் அந்தக் கோட்டைத் துணிக்கு மாத்தி நூல்ல தைக்கறா. சிஸ்டரு உருளைக்கெழங்கை வெட்டி ஓரத்துக்கு அச்சு வெக்கறாங்க. சிஸ்டரு மத்தியானம் நாற்காலியில தூங்கறது ஒரு துணியில பாதி தைச்சபடி கெடக்குது. வாயைத் தொறந்துட்டு, செருப்பு ஒன்னு கால்ல, ஒன்னு தரையில. அவிங்களே அதுக்கு ஓரம் அச்சு வெச்சுட்டு இருக்காங்க. வெக்கமே இல்லாம.

என்னைப் பார்த்ததும் நூர்ஜஹானுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. சிஸ்டரு மட்டும், "முழங்கால் இங்க வந்தா வலிக்கறதில்லை சாந்தாமணி. உக்காரு"ன்னாங்க. வேணி எந்திரிச்சு நாற்காலி போட்டு டீ வெச்சா. நான் கோவிச்சுட்டுப் போற ஆளா. உக்காந்தேன். உக்காந்து, குழுன்னா என்ன, கட்டுப்பாடுன்னா என்ன, முதுகுக்குப் பின்னால சேர்றவங்களை ஊரு என்ன பேசும்னு ஒரு ரெண்டு வார்த்தை எடுத்துச் சொன்னேன். அவிங்க பணியாரத்தைத் தின்னுட்டே கேட்டாங்க. வேணி குனிஞ்சு என்னமோ கிறுக்கிட்டு இருந்தா. நான் பேசி முடிக்கறப்ப வெளிய இருட்டாயிட்டு வந்துச்சு.

அப்ப வேணி பலகையைத் திருப்பிக் காட்டுனா.

நானு. வாயைத் தொறந்துட்டு, ஆள்காட்டி வெரலைத் தூக்கிட்டு, சீலை ஒரு பக்கம் சரிஞ்சு, புருவம் ரெண்டும் நெத்திக்கு ஏறி. தாடைக்குக் கீழ இன்னொரு தாடை. எனக்குப் பின்னால மூணு பேரும் வாயில பணியாரத்தோட சிரிப்பை அடக்கிட்டு நிக்கற மாதிரி. "இதுல சத்தமே கேக்குது வேணி"ன்னாங்க சிஸ்டரு. நூர்ஜஹான் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. "யக்கா, இது நீங்களேதானுங்க்கா, எங்கிட்ட குடுங்க, இதைத்தான் முதல்ல தைக்கணும்"ங்கறா. வேணி என்ற போனுக்கு மட்டும் அனுப்புனா. "உனக்குத்தான்க்கா முதல்ல. நீ சரின்னா மத்தவங்களுக்கு"ன்னா.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப என்ற ஊட்டுக்காரரு அதைப் பார்த்துட்டாரு. அவரு சிரிச்சு நான் பார்த்து எத்தனை காலமாச்சு. மண்டியில வெலை ஏறுனாக் கூட மொகம் அசையாது. அவரு போனைக் கையில வாங்கி, தள்ளி வெச்சுப் பார்த்து, பக்கத்துல வெச்சுப் பார்த்து, தோள் குலுங்கச் சிரிச்சாரு. "இது நீயேதான்"னாரு. "அப்படியே நீ"ன்னாரு. கட்டுன புருசனே கேலி பண்ணுனா மனசு என்ன பாடுபடும். அவரு கைகழுவ எந்திரிச்சதும் போன்ல இருந்து அழிச்சுட்டேன்.

அடுத்த நாளே வேணிகிட்டப் போனேன். உங்கிட்ட அழிக்கற வசதி இருக்குதில்ல, தாடையை மட்டும் சித்தெ குறைச்சுருன்னேன். "சரிக்கா"ன்னு குறைச்சா. பலகையில வேலைன்னா என்ன சுலபம் பாரு, தொட்டாப் போகுது. தாடை சரியானதும் வாய் கண்ணை உறுத்துச்சு. வாயை மூடச் சொன்னேன். வாய் மூடுனதும் வெரல் எதுக்குத் தூக்கியிருக்குதுன்னு அர்த்தமில்லாமப் போச்சு. வெரலை எறக்கி ரெண்டு கையையும் மடியில வெக்கச் சொன்னேன். தெனமும் போவேன். நரையைக் கறுப்பாக்குனா. அரக்குப் பட்டு கட்டிவிட்டா. வைர மூக்குத்தி வெச்சா, என்றகிட்ட நெசமாவே இருக்குது, லாக்கர்ல. அப்பறம் பின்னால மூணு பேரு பல்லைக் காட்டிட்டு நிக்கறது நல்லாவா இருக்கும். அவிங்களை எடுத்துட்டு ஒரு குத்துவெளக்கு வெக்கச் சொன்னேன்.

அவளுக்கு அந்தக் குச்சியைப் புடிக்கறதுக்கே சில நாள் சிரமமா இருந்துச்சு. ஒரு கையால இன்னொரு கையைப் புடிச்சுட்டுப் போடுவா. "நாளைக்குப் பண்ணட்டுமாக்கா"ம்பா. நாளைக்கு நாளைக்குன்னா வேலை எப்ப முடியறது. நான் பக்கத்துலயே உக்காந்து, "இங்க, இன்னும் சித்தெ, அக்கட்டால"ன்னு சொல்லிச் சொல்லி உதவி பண்ணுனேன். நூர்ஜஹானுக்கு ஒரு பூவு போட்டுத் தரணும்னு கெடந்தா, பெங்களூர்ல இருக்கற பேரன் பேத்திக்கு ஏதோ கதைப்படம் போடணும்னு கெடந்தா, எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு எனக்கு முடிச்சுக் குடுத்தா. அவ்வளவு பிரியம் என்மேல.

முடிஞ்சதும் அந்த மொதப் படத்தை அழிச்சுருன்னேன். "நெசமாவாக்கா"ன்னா. "வேற யாராவது பார்த்தா என்னத்துக்காகும்"னேன். அவ சித்த நேரம் அதையே பார்த்துட்டு இருந்தா. அப்பறம் அழிச்சா. என்ன கேக்கறே, குப்பைத்தொட்டியில கெடக்குமா? அது எனக்குத் தெரியாதா அம்மணி. குப்பைத்தொட்டியைத் தொறக்கச் சொல்லி, அதுலயும் போயிருச்சான்னு பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். நான் எதையும் அரைகுறையாப் பண்றதில்லை.

சிஸ்டரு போற மாதா கோயில்ல ஆண்டு விழா. மண்டபத்துல கைவேலைக் காட்சி வெக்கறாங்க, நம்மளுதும் வெக்கலாம்னாங்க. சட்டம் நான் போட்டதுதான், இருந்தாலும் அவிங்க ஆசையைக் கெடுக்க வேண்டாம்னு மிசின் வேலையையும் அனுமதிச்சேன். என்ற படத்தைப் பெருசாப் பிரிண்டு எடுத்து, தேக்குல சட்டம் போட்டு நடுவுல வெச்சேன். சுத்தி அவிங்க துணியெல்லாம் க்ளிப்புல தொங்குச்சு. ஜனங்க வந்தாங்க. எல்லாம் அந்தச் செருப்புத் தூக்கத்துக்கிட்டயே நின்னு, "எஸ்தர் சிஸ்டரேதான்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. வார்டுல சிஸ்டரு ஊசி போட்ட ஆளுங்க போல, பாதிப் பேரு.

பாதிரியாரு மட்டும் என்ற படத்துக்கிட்ட நின்னாரு. "என்ன ஒரு சாந்தம், மாதா மாதிரி"ன்னாரு. எனக்குப் பூரிச்சுப் போச்சு. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, "யாரும்மா இவங்க?"ன்னாரு. வயசானவரு, கண்ணு பத்தாது பாவம். என்ற ஊட்டுக்காரரு பொழுது சாய மண்டியில இருந்து நேரா வந்தாரு. கையைப் பின்னால கட்டிட்டுப் படத்துக்கு முன்னால நின்னாரு. "நல்லாத்தான் இருக்குது"ன்னாரு. கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தாரு. "யாரு இது, உங்க அம்மா வகையில யாராவதா"ன்னாரு. அவரு கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. ஒரு மஞ்சள் கெழங்கை இருட்டுல பார்த்தாலும் எந்த ஊருதுன்னு சொல்லுவாரு. களைப்பா இருந்திருப்பாரு.

விழா முடிஞ்ச கொஞ்ச நாள்லயே வேணி கையில டம்ளர் நிக்கலை. பொண்ணு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, அப்படியே பெங்களூருக்கு அழைச்சுட்டுப் போயிட்டா. நரம்பு சம்பந்தமா ஏதோ வியாதி. ரொம்ப நாளாவே இருந்துச்சாமா, சிஸ்டருக்குத் தெரியுமாமா. கார் போனதும் வாசல்ல நின்னுட்டே சிஸ்டரு என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்குக் கை நல்லா இருந்த கடைசி நாளெல்லாத்தையும் உன் தாடைக்கே செலவு பண்ணிட்டா சாந்தாமணி"ன்னாங்க. சொன்னனே, அவிங்க பேச்சு அப்படித்தான். நானா அவளைப் போடச் சொன்னேன், அவளா ஆரம்பிச்சது.

இப்பப் புதங்கிழமை யாரும் எங்கயும் கூடறதில்லை. குழுவுல எல்லாரும் பேசற மாதிரி மாத்தி வெச்சுட்டேன். அப்படியும் யாரும் பேசறதில்லை. படத்தை நடு ஹால்ல கிருஷ்ணருக்குப் பக்கத்துல மாட்டியிருக்கறேன். கூட்டறப்ப தொடைக்கறப்ப அந்தப் பொம்பளை என்னையே பார்த்துட்டு இருக்குது. ஒரு வார்த்தை பேசாது. சில நேரம் ஊட்டுல யாரோ வந்து உக்காந்துட்டுப் போக மாட்டேங்கறாங்கன்னு தோணும்.

போன வாரம் என்ற ஊட்டுக்காரரு சாப்புட்டுட்டு இருந்தவரு திடீர்னு, "வேணி மொதல்ல ஒன்னு போட்டாளே, அது எங்க? அதை எடுத்து மாட்டு"ன்னாரு. "அழிச்சாச்சு"ன்னேன். "எல்லா எடத்துலயுமா"ன்னாரு. "ஆமா"ன்னேன். அவரு மோருக்கு நிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதான் வேணியைப் பார்க்கக் கெளம்பி வந்துட்டேன். எனக்கொன்னும் வேணும்னு இல்லை, அவரு ஆசைப்பட்டுக் கேட்டுட்டாரு. நூர்ஜஹான்கிட்டச் சொன்னேன், "யக்கா, அவிங்களால இப்ப ஸ்பூனே புடிக்க முடியலையாமா, போயித் தொந்தரவு பண்ணாதீங்க"ங்கறா. பார்க்கப் போறது தொந்தரவா. நான் போனா வேணிக்குத் தெம்பு வரும். பலகை அங்கதான் இருக்குது, அதுதான் நடுங்குனா நேராக்கிக்குமே. அவ வெரலை வெச்சாப் போதும், நான் மணிக்கட்டைப் புடிச்சுக்கறேன். முன்ன மாதிரி குறுக்க பேச மாட்டேன் அம்மணி, தீர்மானம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கறேன். வாய் தொறந்திருந்தாத் தொறந்திருக்கட்டும், வெரல் இருந்தா இருக்கட்டும், அந்த மூணு பேரும் பின்னால நின்னு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும். உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடுன்னு சொல்லிட்டு, சும்மா உக்காந்துக்குவேன்.

தாடைகிட்ட வர்றப்ப மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவேன்.